புகழ் நாணயமாகும் உலகம்
(தொலைக்காட்சி அறிவியற் புனைகதை ஒன்றைப் பற்றிய திறனாய்வு)

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பது நம் மேடைகளில் பல்லாண்டுகளாக ஒலித்துவரும் கூற்று. இக்காலத்தின் முகத்தைக் காட்ட வந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்று தன் பெயரிலேயே ஒரு கண்ணாடியைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அக்கண்ணாடியின் நிறம் கறுப்பு. ‘பிளாக் மிர்ரர்’ என்னும் அத்தொடரைப் படைத்த சார்லி புரூக்கர், அணைத்து வைக்கப்பட்ட தொலைக்காட்சித் திரையும் கைப்பேசித் திரையுமே தாம் கருதிய கறுப்புக் கண்ணாடி என்று விளக்கியிருக்கிறார். திரையில் ஒளி இருக்கும்வரை நாம் உலகைப் பார்க்கிறோம். ஒளி அணைந்த பின் அதில் தெரிவது நம் முகம் மட்டுமே.

2011 டிசம்பரில் பிரிட்டனின் சானல் 4 நிலையத்தில் தொடங்கிய இத்தொடர், 2016 முதல் நெட்பிளிக்ஸ் வழியாக உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு கதையும் தனித்தனியானது. பாத்திரங்களும் களமும் கதைக்குக் கதை மாறும். 2016 அக்டோபர் 21ஆம் நாள் வெளியான ‘நோஸ்டைவ்’ என்னும் கதையே இக்கட்டுரையின் பொருள். விமானம் மூக்குக் குப்புறப் பாய்ந்து வீழ்வதைக் குறிக்கும் சொல் அது. புரூக்கரின் கதைக்கு மைக்கேல் ஷூர், ரஷீதா ஜோன்ஸ் இருவரும் திரைக்கதை எழுத, ஜோ ரைட் இயக்கினார். பிறர் மெச்சவேண்டும் என்னும் வேட்கையை எள்ளி நகையாடும் கதை என்றே பலரும் இதனைப் பாராட்டினர். அப்பாராட்டு பொருந்துவதே. ஆயினும் கதையின் உள்ளீடு அவ்வேட்கையினும் ஆழமான இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுவதே நம் நோக்கம்.

கதையும் களமும்

லேசி என்னும் இளம்பெண் வாழும் நாட்டில் ஒவ்வொருவரும் மற்றவர்க்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுகின்றனர். மின்தூக்கியில் உடன்வருபவர், காப்பி ஊற்றித் தருபவர், அலுவலகத் தோழர் என யாராயினும் சந்தித்துப் பிரியும் நொடியில் கைப்பேசியை உயர்த்தி எண் வழங்குவது அந்நாட்டு வழக்கம். கண்ணில் பொருத்திய கருவியால் எதிரே வருபவரின் மதிப்பெண் முகத்தருகே மிதந்து தெரியும். லேசியின் எண் 4.2. அவள் விரும்பும் குடியிருப்பில் சலுகை வாடகை பெற 4.5 வேண்டும். அந்த 0.3 புள்ளிக்கான ஓட்டமே கதை.

தொடக்கத்திலேயே ஒரு சிறு காட்சி. பலகாரம் ஒன்றை அழகாகக் கடித்து, காப்பிக் கோப்பையின் அருகே வைத்துப் படமெடுக்கிறாள் லேசி. படம் உலகுக்குச் செல்கிறது. பாராட்டு வந்து குவிகிறது. அதன் பின் காப்பியை ஒரு வாய் அருந்துகிறாள், சுவை பிடிக்கவில்லை. உண்பதற்கென்று வாங்கிய பொருள் காட்டுவதற்கான பொருளாக மாறிவிட்ட அவலத்தை ஒரு சொல்லும் இன்றி இக்காட்சி உணர்த்திவிடுகிறது. இளநீலமும் இளஞ்சிவப்பும் தோய்ந்த தெருக்கள், கண்ணாடி முன் பழகிய சிரிப்பு, இடைவிடாத இனிய சொல் என எல்லாம் இனிப்பாகவே இருக்கின்றன. அவ்வினிப்பே சற்று நேரத்தில் திகட்டத் தொடங்குகிறது.

4.8 பெற்ற பள்ளித் தோழி நயோமி, தன் திருமணத்தில் மணத்தோழியாக நின்று வாழ்த்துரை வழங்குமாறு லேசியை அழைக்கிறாள். உயர்ந்தோர் கூடும் அவையில் பேசிக் கண்ணீர் வரவழைத்தால் வேண்டிய எண் வந்துசேரும் என நம்பிப் புறப்படுகிறாள் லேசி. விமானம் இரத்தாகிறது. வேறு விமானத்தில் செல்ல அவளுடைய எண் போதவில்லை. பொறுமை இழந்து ஒரு வசைச்சொல் சொல்லிவிடுகிறாள். தண்டனையாக ஒரு முழுப் புள்ளி பறிபோகிறது. வாடகைக்குக் கிடைத்த பழைய வண்டி வழியில் நின்றுபோகிறது. எண் இறங்க இறங்க உதவும் கைகள் விலகுகின்றன; உதவி இல்லாததால் எரிச்சல் மிகுகிறது; எரிச்சலால் எண் மேலும் இறங்குகிறது. விமானம் மூக்குக் குப்புற வீழ்ந்த கதைதான்.

நகைப்பின் அடியில் அச்சம்

இதுவரை கூறியதைக் கேட்போர், வீண் பெருமைக்கு ஆசைப்பட்ட பெண் ஒருத்தி பட்ட பாடு என இதனை எண்ணக்கூடும். அப்படி எண்ணி நகைத்துவிட்டு எழுந்துபோனால் கதையின் பாதியைத்தான் கண்டவராவோம். கதையில் இரண்டு இடங்கள் நம்மை நிறுத்திவைக்கின்றன.

முதல் இடம், லேசியின் அலுவலகத் தோழன் செஸ்டர் பற்றியது. தன் துணையைப் பிரிந்த அவனை, மற்றவர் பக்கம் சாய்ந்த அலுவலகமே எண்களால் தண்டிக்கிறது. வந்தவர்க்கெல்லாம் பானம் வழங்கிப் புள்ளி கேட்டு நிற்கிறான். அவன் எண் 2.5க்குக் கீழே இறங்கியதும் அலுவலகக் கதவு அவனுக்குத் திறக்க மறுக்கிறது. அவன் வேலையில் குறை கண்டவர் எவருமில்லை. கதவு பார்த்தது எண்ணை மட்டுமே.

இரண்டாவது இடம், நெடுஞ்சாலையில் லேசியை ஏற்றிக்கொள்ளும் லாரி ஓட்டுநர் சூசன் கூறும் வரலாறு. சூசனின் எண் 1.4. ஒரு காலத்தில் அவளும் உயர்ந்த எண்ணுக்கு உரியவள்தான். அவள் கணவருக்குப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் சிகிச்சைக்கான இடம் ஒன்று இருந்தது. கணவரின் எண் 4.3. இடமோ 4.4 பெற்ற வேறொருவருக்குச் சென்றது. கணவர் இறந்தார். அன்று முதல் மனத்தில் பட்டதை வாயாரச் சொல்லத் தொடங்கினாள், நண்பர்கள் விலகினர், எண் வீழ்ந்தது, அவள் விடுதலை அடைந்தாள்.

கதையின் திறவுகோல் சூசனின் இவ்வரலாறே. புகழை விரும்புவது மனித இயல்பு. அதில் நகைப்புக்கு இடமுண்டு, நடுக்கத்திற்கு இடமில்லை. அப்புகழ் வீட்டு வாடகையோடும் வேலையோடும் மருந்தோடும் பிணைக்கப்படும்போதுதான் நடுக்கம் பிறக்கிறது. லேசியின் நாட்டில் புகழ் அணிகலன் என்னும் நிலையைக் கடந்து நாணயமாகிவிட்டது. நாணயம் இல்லாதவனுக்குக் கடையில் அரிசி இல்லை. எண் இல்லாதவனுக்கு மருத்துவமனையில் படுக்கை இல்லை. ஆகவே அந்நாட்டு மக்கள் சிரிப்பதை வீண்பெருமை என்று சொல்லிவிட இயலாது. அவர்கள் பிழைப்புக்காகச் சிரிக்கிறார்கள்.

அச்சம் குடிகொண்ட நாட்டில் முதலில் மறைவது உண்மை பேசும் நாக்கு. லேசியிடம் அவள் தம்பி ரயன் ஒருவன்தான் உள்ளதை உள்ளபடி கூறுகிறான். மற்றவர் எல்லாரும் இன்சொல் பேசுகின்றனர். அவற்றுள் ஒன்றையும் நம்ப வழியில்லை. நயோமியின் அழைப்பும் அவ்வகையே. லேசியின் எண் 2.6க்கு இறங்கியதும் திருமணத்திற்கு வரவேண்டாம் எனக் கூறும் அவள், பழைய தோழியை மேடையேற்றுவது தன் எண்ணுக்கு நன்மை செய்யும் என்பதாலேயே அழைத்ததாக ஒப்புக்கொள்கிறாள். நட்பு கணக்கு வழக்காகிவிட்ட இடத்தில் உண்மை வெளிப்படுவதும் கணக்கு முறியும்போதுதான்.

உடன்பிறந்த கதைகள்

இப்பொருளைத் தொட்ட தொலைக்காட்சிக் கதை இது ஒன்று மட்டுமன்று. இதே தொடரில் 2011 டிசம்பரில் வந்த ‘ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்’ என்னும் கதையில், மக்கள் நாளெல்லாம் மிதிவண்டி மிதித்துப் புள்ளி ஈட்டுகின்றனர். 1 கோடியே 50 லட்சம் புள்ளி சேர்த்தவர் திறமைப் போட்டி மேடையில் ஏறலாம். தான் விரும்பிய பெண்ணை அம்மேடை சீரழித்ததைக் கண்ட இளைஞன், கண்ணாடித் துண்டைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு அதே மேடையில் ஆவேசமாக முழங்குகிறான். நடுவர்கள் வெகுளவில்லை. கைதட்டி, அவனுடைய கோபத்தையே வாரந்தோறும் ஒளிபரப்ப நேரம் ஒதுக்குகின்றனர். எதிர்ப்பும் விலைபோகும் பண்டம் என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டிய தொலைக்காட்சிப் படைப்புகள் சிலவே.

2014 மார்ச்சில் ‘கம்யூனிட்டி’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர், கல்லூரி ஒன்றில் ஒருவர்க்கொருவர் ஐந்துவரை எண் இடும் செயலி புகுந்ததும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என அடுக்கடுக்கான சாதிகள் தோன்றுவதைக் காட்டியது. 2017 அக்டோபரில் ‘தி ஆர்வில்’ என்னும் விண்வெளித் தொடரில் ‘மெஜாரிட்டி ரூல்’ என்னும் கதை வந்தது. அக்கோளில் எல்லாரும் மார்பில் ஒரு வில்லை அணிந்திருப்பர். எதிர்ப்படுவோர் அதில் மேல்குறியோ கீழ்குறியோ அழுத்தலாம். அங்கு வழக்குமன்றமும் அதுவே. 1 கோடி கீழ்குறி பெற்றவரின் மூளையைத் ‘திருத்தி’ விடுவார்கள். அறியாமல் ஒரு சிலையை அவமதித்த விண்கலப் பணியாளன், தொலைக்காட்சி தோறும் சென்று மன்னிப்புக் கேட்கவேண்டியவனாகிறான். அவன் வருத்தம் உண்மையா என்பது எவர்க்கும் பொருட்டில்லை. அது மக்களுக்குப் பிடித்ததா என்பதே வழக்கு.

இக்கதைகள் எழுந்த காலத்தை நினைவிற் கொள்ளவேண்டும். ஃபேஸ்புக் தன் ‘லைக்’ பொத்தானை அறிமுகப்படுத்தியது 2009 பிப்ரவரியில். இன்ஸ்டாகிராம் தொடங்கியது 2010இல். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்குள் இக்கதைகள் பிறந்துவிட்டன. 2021 மே மாதத்தில் அவ்விரு தளங்களும் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியைப் பயனாளர்க்கு வழங்கின. எண்ணிக்கை சிலர்க்குச் சுமையாகிறது என்பதை எண்ணியவர்களே உணர்ந்ததன் அடையாளம் அது.

வைர மன்னனும் வெள்ளித்திரை நாயகனும்

இவை யாவும் கடல் கடந்த கதைகள். எனினும் கொல்கத்தாவில் வாழும் நமக்கு இவை முற்றும் புதியவை அல்ல. மூளையைத் திருத்தும் எந்திரம் என்றதும் வங்க மண்ணில் வாழ்ந்த எவர்க்கும் சத்யஜித் ராய் 1980இல் எடுத்த ‘ஹீரக் ராஜார் தேசே’ நினைவுக்கு வராமற்போகாது. நம் பிள்ளைகள் வங்காளப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து மகிழ்ந்த படம் அது. உத்பல் தத் நடித்த வைர மன்னன், தான் எதைச் சொன்னாலும் சரி சரி என்று ஒத்தூதும் அமைச்சர் கூட்டத்தின் நடுவே வீற்றிருக்கிறான். பள்ளியை மூடுகிறான். முணுமுணுக்கும் உழவனையும் சுரங்கத் தொழிலாளியையும் விஞ்ஞானி அமைத்த எந்திர அறையில் அடைத்து, அரசனைப் போற்றும் ஈரடிச் செய்யுளை மூளையில் ஏற்றுகிறான். வெளியே வருபவர் வயிறு காய்ந்திருந்தும் வாழ்த்துப் பாடுகின்றனர். முடிவில் அவ்வெந்திரம் அரசனையே சலவை செய்ய, அவனும் ஓடிவந்து தன் சிலையை வீழ்த்தும் கயிற்றைப் பற்றி இழுக்கிறான்.

குழந்தைகளுக்கான கதை போலத் தோன்றும் இப்படத்தையும் ‘நோஸ்டைவ்’ கதையையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். வைர நாட்டில் பாராட்டைப் பறிப்பவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு முகம் உண்டு, சிலையும் உண்டு. ஆகவே அவனை வீழ்த்த முடிகிறது. லேசியின் நாட்டில் மன்னன் இல்லை, காவலர் எந்திர அறைக்கு எவரையும் இழுத்துச் செல்வதும் இல்லை. ஒவ்வொருவரும் தாமே அறைக்குள் நுழைந்து, தமக்கு அடுத்தவரையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றனர். கயிறு கட்டி இழுப்பதற்கு அங்கே சிலை ஏது? இதுவே நம் காலத்துக் கொடுமையின் தனித்தன்மை எனலாம்.

ராயின் மற்றொரு படைப்பும் இங்கு எண்ணத்தக்கது. 1966இல் வந்த ‘நாயக்’ படத்தில் உத்தம் குமார் புகழின் உச்சியில் நிற்கும் திரைநடிகர் அரிந்தமாக வருகிறார். விருது பெற டெல்லிக்கு இரயிலில் செல்லும் அவரை, பெண்கள் இதழ் ஒன்றை நடத்தும் அதிதி பேட்டி காண்கிறாள். சர்மிளா தாகூர் ஏற்ற பாத்திரம் அது. இரசிகர் கூட்டம் கண்ட நாயகன் வேறு. அவள் முன் மெல்ல மெல்ல வெளிப்படும் மனிதன் வேறு. பணத்தாள் குவியலில் மூழ்கிச் சாவதாக அவன் காணும் கனவும், ஒரு காலத்தில் ஓங்கியிருந்து வாய்ப்பிழந்த முதிய நடிகர் சிறு வேடம் கேட்டு அவனிடம் வந்து நிற்கும் நினைவும், புகழின் அடித்தளத்தில் கிடக்கும் அச்சத்தைக் காட்டுகின்றன. அம்முதிய நடிகரும், பானம் ஏந்திப் புள்ளி கேட்கும் செஸ்டரும் ஐம்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த உடன்பிறப்புகள்.

பயண முடிவில் அதிதி தான் எழுதிய குறிப்புகளைக் கிழித்துவிடுகிறாள். வெளியிட்டிருந்தால் அவள் இதழுக்கு மிகுந்த வரவேற்பு கிடைத்திருக்கும். ஒரு மனிதனை அறிந்ததை விலையாக்க மறுத்தாள் அவள். நயோமியின் எதிர்த்தட்டில் வைக்கவேண்டிய பாத்திரம் அதிதி. பழைய நட்பை எண்ணாக மாற்றியவள் ஒருத்தி; கிடைத்த உண்மையை எண்ணாக மாற்ற மறுத்தவள் மற்றொருத்தி.

கதையின் குறை

‘நோஸ்டைவ்’ முடியும் விதத்தைக் காண்போம். அழைக்காத திருமணத்தில் சேறு படிந்த உடையோடு புகுந்து, உளறலும் அழுகையுமாகப் பேசி, லேசி கைதாகிறாள். கண்ணிலிருந்த கருவி அகற்றப்படுகிறது. சிறையில் எதிர் அறையில் ஒருவன் நிற்கிறான். இருவரும் ஒருவரையொருவர் வசைபாடத் தொடங்குகின்றனர். வசை வளர வளர முகத்தில் மகிழ்ச்சி பொங்குகிறது. எண் இல்லாத இடத்தில், இழப்பதற்கு ஒன்றுமில்லாத இருவர் முதன்முறையாக மனம்விட்டுப் பேசுகின்றனர்.

காட்சி என்ற அளவில் இது மிகச் சிறந்த முடிவு. கருத்து என்ற அளவில் இங்கே ஒரு குறை இருப்பதாகத் தோன்றுகிறது. பொய்ப் புகழ்ச்சிக்கு மாற்று வசை என்று கதை நின்றுவிடுகிறது. சூசனின் விடுதலையும் வாயில் வந்ததைச் சொல்லும் விடுதலையே. புகழ்ச்சிக்கும் வசைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு என்பதைக் கதை காணவில்லை. காரணம் காட்டி மறுப்பதும், மறுத்த பின்னும் உறவாக இருப்பதுமே அம்மூன்றாவது நெறி. ‘ஆர்வில்’ கதையிலும் இக்குறை உண்டு. தோழனை மீட்கும் விண்கலத்தார், அவன்மேல் இரக்கம் பிறக்குமாறு பொய்ச் செய்திகளைப் பரப்பி மேல்குறி திரட்டுகின்றனர். நோய்க்கு நோயே மருந்தாகிவிடுகிறது.

அவையும் அட்டாவும்

இம்மூன்றாவது நெறியைத் தேடித் தமிழர் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. புகழை வெறுக்கச் சொல்லும் மரபன்று நம் மரபு. வள்ளுவர் புகழுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அதனை இல்லறவியலின் கடைசி அதிகாரமாக, ஈகைக்கு அடுத்து வைத்தார். கொடுத்தபின் வருவதே புகழ் என்பது அவ்வைப்பு முறை கற்பிக்கும் பாடம். இதனோடு, இடித்துரைக்கும் பெரியாரைத் துணையாகக் கொள்ளுதலையும், அவையின் தரம் அறிந்து பேசுதலையும் தனித்தனி அதிகாரங்களில் வற்புறுத்தினார். யார் மெச்சினார், எதற்காக மெச்சினார் என்ற இரு வினாக்கள் இல்லாமல் தமிழ் மரபில் புகழ் இல்லை.

மதுரைச் சங்கத்தில் நக்கீரர் இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்ட கதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தது. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ திரைப்படம் அதனைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசேர்த்தது. அக்கதையில் நக்கீரர் கூறிய கருத்துச் சரியா தவறா என்பது வேறு வழக்கு. அரசன் பரிசு கொடுக்க முன்வந்த பாட்டு. அவையோர் தலையசைக்கத் தயாராக இருந்த பாட்டு. அதில் பொருட்குற்றம் உண்டு என எழுந்து நின்று காரணம் கூறினார் ஒருவர். பாடியவர் முகத்தெதிரே கூறினார். நெற்றிக்கண்ணைக் கண்ட பின்னும் கூறினார். லேசியின் நாட்டில் நக்கீரரின் எண் என்னவாக இருந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். 1.4க்கும் கீழேதான் இருந்திருக்கும்.

நாம் குடியேறி வாழும் இந்நகருக்கும் இதில் பங்குண்டு. வங்காளிகள் ‘அட்டா’ என்று அருமையாகப் போற்றும் கூட்டுரையாடல், அவையின் இளைய சகோதரி எனத் தக்கது. கல்லூரித் தெருக் காப்பி இல்லத்திலும், தெருமுனைத் திண்ணையிலும், தேநீர்க் கடைப் பெஞ்சியிலும் அரசியல், கால்பந்து, கவிதை என எதையும் தொட்டுக் குரலுயர்த்தி வாதிடுவர். இன்று உன் கருத்து குப்பை என்றவர் நாளை அதே பெஞ்சியில் தேநீர் வாங்கித் தருவார். எவரும் எவர்க்கும் புள்ளி இடுவதில்லை. அங்கே தோற்றதனால் எவரும் வாடகை வீட்டை இழப்பதும் இல்லை. உண்மை பேசுவதற்கு விலை கொடுக்கவேண்டாத இடம் அது. சிறைக்குள் லேசி கண்டெடுத்த இன்பத்தை, வசையின்றியே, இந்நகரத்து மனிதர் மாலைதோறும் துய்த்து வந்திருக்கின்றனர்.

நம் வீட்டு வாசலில்

புனைகதையை விட்டு நம் வாசலுக்கு வருவோம். லேக் மார்க்கெட்டுப் பகுதியிலோ வேறெங்கோ வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதவைத் தட்டி உணவுப் பொட்டலம் தரும் இளைஞன், நம் கையில் ஐந்து நட்சத்திரங்களை வைத்துவிட்டுப் போகிறான். நமக்கு அது விரல்நுனி விளையாட்டு. அவனுக்கு அது வயிறு. நிதி ஆயோக் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, செயலி வழியாகவும் பிற வகையிலும் நிலையான முதலாளியின்றிப் பணிபுரிவோர் 2020-21ஆம் ஆண்டில் இந்தியாவில் 77 லட்சம் பேர் என்றும், 2029-30ஆம் ஆண்டில் அவர்கள் 2 கோடியே 35 லட்சம் ஆகக்கூடும் என்றும் மதிப்பிட்டது. அவர்களுள் செயலியை நம்பி வாழ்வோர்க்கு மழையில் வண்டி தாமதித்தாலும் முகம் வாடியிருந்தாலும் எண் குறையும். 2023இல் வீட்டுப் பணிக்கான செயலி ஒன்றில் பணிபுரிந்த பெண்கள், மதிப்பெண் குறைந்ததால் தம் கணக்கு முடக்கப்படுவதை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். அலுவலகக் கதவு திறக்காமல் நின்ற செஸ்டர், வெறும் கற்பனைப் பாத்திரம் அல்லன் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2023இல் இராஜஸ்தான் இத்தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், இவர்களைப் பணிநீக்கம் செய்வதற்குமுன் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் எனப் பொதுவிதி வகுத்தது. காரணத்தை எழுத்தில் தருதல் என்பது சிறு செய்தி போலத் தோன்றும். எண்ணுக்கும் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. காரணம் கூறக் கடமைப்பட்டவன் சற்றேனும் சிந்திப்பான். காரணம் கேட்க உரிமை பெற்றவன் சற்றேனும் நிமிர்ந்து நிற்பான்.

குடிபெயர்ந்து வாழும் நமக்கு இக்கதை சொல்லும் செய்தி இன்னொன்றும் உண்டு. வேற்றூரில் வாழ்பவன் இரண்டு அவைகளின் முன் எப்போதும் நிற்பவன். பிறந்த ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது ஒன்று. புகுந்த ஊர் நம்மை ஏற்குமா என்பது மற்றொன்று. பிழைக்க வந்த இடத்தில் நல்ல பெயர் என்பது உண்மையிலேயே ஒரு முதலீடாக இருந்தது. அப்பெயரை நம்பி வீடு கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். ஆகவே லேசியைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்தப் பழைய நாலு பேருக்கு முகம் இருந்தது. அவர்கள் நம் வீட்டு இழவுக்கும் வந்தார்கள், திருமணத்திற்கும் வந்தார்கள். அவர்கள் தவறாகச் சொன்னால் வாசலில் நிறுத்திக் கேட்கவும் முடிந்தது. இன்றைய எண்ணுக்குப் பின்னால் அத்தகைய முகம் இல்லை.

நம் சங்க மேடையில் ஒரு சிறுமி ஆடி முடிக்கிறாள். அரங்கில் உள்ளோர் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறோம். இரவுக்குள் அவ்வாட்டத்திற்கு எத்தனை லைக் வந்தது என அவளும் எண்ணுகிறாள், நாமும் எண்ணுகிறோம். அடவு எங்கே பிசகியது, அபிநயம் எங்கே கனிந்தது என அருகழைத்துச் சொல்ல ஒருவர் உண்டா? அப்படிச் சொல்லும் ஒருவர் நூறு லைக்குகளைவிட அவளுக்குப் பயன்படுவார். கவிதை படிக்கும் இளைஞனுக்கும் கட்டுரை எழுதும் முதியவருக்கும் இது பொருந்தும். பாராட்டிலும் காரணம் இருக்கட்டும். குறை கூறலிலும் காரணம் இருக்கட்டும். இரண்டும் முகத்தெதிரே நிகழட்டும். சங்கம் என்னும் பெயரை நாம் மதுரையிலிருந்து கடன் வாங்கியதற்கு அதுவே பொருள்.

‘நோஸ்டைவ்’ நம் காலத்தின் குறிப்பிடத்தக்க அங்கதப் படைப்பு. முடிவில் அது முழுவழி காட்டவில்லை என்பது அதன் சிறப்பைக் குறைக்காது. புகழ் நாணயமானால் நாட்டில் உண்மை செல்லாக்காசாகும் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிச் சிந்திக்க வைக்கிறது. உண்மை செலவாணியாகும் இடங்கள் இன்னும் சில எஞ்சியுள்ளன. கொல்கத்தாவின் தேநீர்க் கடைப் பெஞ்சி அவற்றுள் ஒன்று. நம் சங்கத்தின் இருக்கைகளும் அவற்றுள் ஒன்றாக நிலைக்கவேண்டும்.